மேல் லைனில் கடலுக்குக் குளிரெடுத்த கதை

ஒத்தைக்கல் எஸ்டேட்டில், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நிற்கிற மேல் லைனில், கடைசி வீட்டுக் கட்டிலில், கடல் வந்து படுத்துக்கொண்டது எந்த வருஷம் என்று கேட்டால் அங்கே ஆளுக்கொன்று சொல்வார்கள். ரோடு சரிந்து பஸ் வராமல் போன வருஷம் என்பார் ஒருத்தர், சிறுத்தை வந்து கங்காணி வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போன வருஷம் என்பார் இன்னொருத்தர், ரெண்டும் ஒரே வருஷம்தானே என்று மூன்றாவது ஆள் சண்டைக்கு வருவார். ஆனால் கடல் வந்ததா, நிஜமாகவா என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் கண்ணால் பார்த்தவர்கள் பாதிப்பேர், காது வைத்துக் கேட்டவர்கள் மீதிப்பேர், ரெண்டும் வாய்க்காதவர்களுக்கும் அந்த உப்பு வாடை தேயிலைக்காட்டைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது.

அந்த வீடு யோகராணியுடையது. கொழுந்து பறிக்கிறவள், ஆள் குள்ளம், வாய் நீளம், கை அதைவிட வேகம். அவள் புருஷன் இஞ்ஞாசி தெற்கே கடற்கரையில் பிறந்து, கட்டுமரத்தில் வளர்ந்து, மலையேறி வந்து கேரட் லாரி ஓட்டி, பஜார் டீக்கடையில் யோகராணியைப் பார்த்துவிட்டு, இனிமேல் கீழே இறங்குவதாயில்லை என்று இங்கேயே தங்கிப்போனவன். ஒரு மழைநாள் சாயங்காலம் கொண்டையூசி வளைவில் லாரி புரண்டது, கேரட்டெல்லாம் பள்ளத்தில் உருண்டது, இஞ்ஞாசிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. பெரியாஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, காலைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம், முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள், படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆள் தேறுவது கஷ்டம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் போடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

புரட்டிப் போடுங்கள் என்று சொல்கிறவருக்கு வாயா வலிக்கப்போகிறது? இஞ்ஞாசி ஆள் வாட்டசாட்டம், யோகராணி அவன் நெஞ்சுவரைக்கும் வருவாள். பகலெல்லாம் கொழுந்து பறித்து, மத்தியானம் ஓடிவந்து புரட்டி, திரும்ப ஓடிப்போய் பறித்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி தூங்கித் தூங்கி விழித்துப் புரட்டி, அவள் கன்னம் ஒட்டிப்போனது. ஊரிலிருந்து இஞ்ஞாசியின் அண்ணன் சிலுவை அடிக்கடி போன் பண்ணுவார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கல்யாணம் பிடிக்காது.

"ஒத்தப் பொம்பள நீ என்னத்தச் செய்வ? அவன இங்க கொண்டாந்து விடு. இங்க குளிரும் கெடையாது, தூக்கிப் போடவும் ஆளிருக்கு."

"அப்ப நானு?"

"ஒனக்குத்தான் எஸ்டேட்டுல வேல இருக்கே. நீ இரு. நல்லநாள் பெரியநாளுக்கு வந்து பாத்துக்க."

போனை வைத்ததும் யோகராணி அடுப்படிக்குப் போய்விடுவாள். இஞ்ஞாசியைக் கொண்டுபோய்விட்டால் அந்த வீட்டில் நாலு சுவரைத் தவிர அவளுக்கு என்ன மிச்சம்? அவரை விட்டுட்டு நான் என்னத்துக்கு இருக்கேன் என்று அடுப்படியில் நின்று அழுவாள், அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் புரட்டிப் போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அம்மா, வயசாகிவிட்டது, சொந்த ஊரோடு போகிறேன் என்று சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது, ஒருத்தருக்கும் வேண்டாமென்று மூலையில் கிடந்த தண்ணீர் மெத்தை யோகராணிக்குக் கிடைத்தது. கனத்த ரப்பர் பை, அதற்கடியில் விரிக்க வயர் வைத்த ஒரு கறுப்புத் தட்டு. வயரைச் சுவரில் செருகினால் தட்டு சூடாகி, தண்ணீர் வெதுவெதுப்பாகும். எஸ்டேட் ஆசாரி நாலு பக்கமும் பலகை அடித்து உயரமாக ஒரு கட்டில் செய்து கொடுத்தார். தெருக்குழாயிலிருந்து ஹோஸ் போட்டுப் பையை நிரப்பி, இஞ்ஞாசியை நாலுபேர் தூக்கி அதன்மேல் கிடத்தினார்கள்.

மறுநாள் விடியக்காலை யோகராணி பதறி எழுந்தாள், ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டாள், ஒருதடவைகூடப் புரட்டவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் இஞ்ஞாசி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெத்தைக்குள்ளிருந்து மெதுவாக ஓர் அலை எழும்பி, அவன் தோளைத் தூக்கி, முதுகைத் தள்ளி, இடுப்பைத் திருப்பி, வலதுபக்கமாகப் படுக்க வைத்துவிட்டு அமர்ந்தது. அறை முழுக்க உப்பு வாடை.

"கடல் வந்திருக்கு," என்றான் இஞ்ஞாசி, விருந்தாளி வந்திருப்பதைச் சொல்கிற மாதிரி. "எங்கூருக் கடல்தான். கூப்பிட்டா வராது, அதுக்கா தோணினா வரும்."

"வந்தது வந்துச்சு, இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு யோகராணி அடுப்பு பற்றவைக்கப் போனாள்.

எப்படி வந்தது, எந்தக் குழாய் வழியாக ஏறியது என்பதெல்லாம் மேல் லைனில் ரெண்டு நாளைக்குத்தான் பேச்சாக இருந்தது. அதற்குப் பிறகு ஜனங்களுக்கு வேறு கவலை. பக்கத்து வீட்டு லெட்சுமாயி, மீன் இருக்கா என்று கேட்டாள், இல்லை என்றதும் மீனில்லாத கடலை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று உதட்டைப் பிதுக்கினாள், ஆனால் மறுநாளே வயிற்றுவலியில் கத்துகிற தன் பேரனைக் கொண்டுவந்து மெத்தையோரத்தில் கிடத்தி, அலை தாலாட்டித் தூங்கவைத்ததும், சும்மா சொல்லக்கூடாது நல்ல கடல் என்று நற்சாட்சி கொடுத்தாள். எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் வந்து, கம்பெனி வீட்டில் ஆடு மாடு வளர்க்கத்தான் அனுமதி கேட்கவேண்டும், கடலைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார். கோயில் பூசாரியும் சர்ச் சாமியாரும் ஆளுக்கொருநாள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கி ஏத்தம் கூடிக் கட்டில் கிறீச்சிடும், அதை வைத்தே லைனில் விரதம் இருந்தார்கள். கடலைப் பார்த்தேயிராத கிழங்கட்டைகள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் யோகராணிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவளுக்குக் கடல் என்றால் ராத்திரித் தூக்கம், கடல் என்றால் இஞ்ஞாசியின் புண்ணில்லாத, வடுவில்லாத முதுகு. பத்து பேர் செய்கிற வேலையைக் கடல் ஒண்டியாகச் செய்தது, கூலி கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப்பில் வருகிற நர்சம்மா முதுகைத் தடவிப் பார்த்து, என்னம்மா பண்ணுறே, பச்சப்புள்ள தோலு மாதிரி வச்சிருக்கே என்றாள். சிலுவைக்குப் போனில் இதைச் சொன்னபோது அவர் கடகடவென்று சிரித்தார்.

"மலைல கடலா? குளிரு ஒனக்கு மூளைக்கு ஏறிடுச்சும்மா."

பிறகு மார்கழி பிறந்தது. நீலகிரியில் மார்கழி என்றால் சும்மாவா, விடியக்காலையில் புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், வாளித்தண்ணீரில் மெல்லிசாகக் கண்ணாடி கட்டும், தேயிலை நுனி கருகும். அந்த அறையோ லைனுக்கே கடைசி, வடக்குப் பார்த்த சுவர், வெயில் எட்டிப் பார்க்காது, தரை வெறும் சிமென்ட். தெற்கத்திக் கடலுக்கு இதெல்லாம் பழக்கமா? முதலில் மெத்தை லேசாக நடுங்கியது. பிறகு அலை சோம்பியது. பிறகு ஒருநாள் காலையில் கடல் கல்லுப் போலக் கிடந்தது, இஞ்ஞாசி படுத்தது படுத்தபடி மல்லாக்கக் கிடந்தான், உதடு நீலம் பாரித்திருந்தது.

"கடலுக்குக் குளிரெடுத்திருச்சு புள்ள," என்றான். "அதுக்கு அசைய முடியல."

யோகராணி சூட்டுத்தட்டின் குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மேல் லைனுக்கு வருகிற கரண்ட்டே பாதி உசிரோடு வருவதுதான், பல்பு எரிவதே மின்மினிப்பூச்சி மினுக்குகிற அழகு. பழையபடி ராத்திரியெல்லாம் விழித்துப் புரட்ட ஆரம்பித்தாள், ஆனால் உறைந்த கடல்மேல் படுத்தவனைப் புரட்டுவது தரையில் கிடக்கிற பாறையைப் புரட்டுகிற வேலை. அடிமுதுகில் ஓரிடத்தில் தோல் சிவந்தது, சிவந்தது கன்றியது, கன்றியது வாய் திறந்தது. நர்சம்மா பார்த்துவிட்டு மருந்து வைத்துக் கட்டினாள்.

"இது ஆழமாப் போச்சுன்னா அவ்வளவுதான் யோகராணி. இந்தக் குளிர்ல வச்சுக்காதே. அவங்க ஊருக்கே அனுப்பிடு."

அன்றைக்குச் சாயங்காலமே சிலுவை போன் பண்ணினார், புண் விஷயம் இஞ்ஞாசியின் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் கழிந்து வருகிற மூணு ராசாக்கள் திருநாள் முடிந்ததும் வேனோடு வருகிறேன், அவன் முதுகை என் கண்ணால் பார்ப்பேன், புண் இருந்தால் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு போவேன், நீ குறுக்கே நிற்கக்கூடாது என்றார். யோகராணி சரி என்றாள். வேறு என்ன சொல்வாள், புண்ணோடு வைத்துக்கொண்டு சாகக் கொடுக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சேதி லைனில் பரவியதும் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. நம்ம கடல் நம்ம லைனைவிட்டுப் போவதா என்று ரோஷம் வந்துவிட்டது. கங்காணி காத்தமுத்து முன்னால் நின்றார். பனியைப் பற்றி அவருக்குத் தெரியாததா, முப்பது வருஷமாகத் தேயிலை நாற்றங்காலைப் பனியிலிருந்து காப்பாற்றிக்கொண்டு வருகிற ஆள்.

"பனி மேல இருந்துதான் எறங்கும். நாத்துக்கு என்ன பண்றோம்? மேல தழையப் போட்டு மூடுறோம். அதே வேலைதான்," என்றார்.

உடனே மூடினார்கள். ஒரு வீடு கம்பளி கொண்டுவந்தது, ஒரு வீடு ரஜாய் கொண்டுவந்தது, ஒரு வீடு செத்துப்போன மாமனாரின் ஓவர்கோட்டைக் கொண்டுவந்தது, தோட்டத்து ஆட்கள் நாற்றங்காலுக்குப் போடுகிற தழையையே கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து கட்டிலுக்கு மேலே பந்தல் போட்டார்கள். இஞ்ஞாசியின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. கடல் அசையவில்லை, இன்னும் ரெண்டு கம்பளி போட்டார்கள், அப்போதும் அசையவில்லை. சீலிங்கில் சாக்கு கட்டினார்கள். எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பரம்பரை பரம்பரையாக அவர்கள் பனியை மேலேதான் பார்த்திருக்கிறார்கள், நிமிர்ந்த தலை குனிய மாட்டேனென்றது.

"மேல வேக்காடா இருக்கு, கீழ ஐஸா இருக்கு," என்று கம்பளிக்குள்ளிருந்து இஞ்ஞாசி முனகினான். "போதும், எடுங்கப்பா, மூச்சு முட்டுது."

யோகராணிக்கு வயர்மேல் சந்தேகம். எலி கடித்திருக்குமோ என்று ஒரு மத்தியானம் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனாள். உள்ளே போய் மல்லாந்து படுத்து, வயரைத் தடவிக்கொண்டே கையைத் தூக்கியபோது புறங்கை கட்டில் பலகையின் அடிப்பக்கத்தில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பலகை ஈரமாக, விறைத்துப்போய் இருந்தது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவள் முகத்தில் விழுந்தது. முதுகுக்குக் கீழே சிமென்ட் தரையிலிருந்து குளிர் கிளம்பி, அவளைத் தாண்டி, பலகையைத் தாண்டி, நேராகக் கடலின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. கறுப்புத்தட்டு கொடுக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் தரை குடித்துக்கொண்டிருந்தது. அடப்பாவிகளா, இத்தனை நாளும் தலைக்குக் குல்லாய் போட்டுவிட்டு வயிற்றைத் திறந்து போட்டிருக்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்து சொன்னபோது காத்தமுத்து ஒப்புக்கொள்ளவில்லை.

"குளுரு மண்ணுலருந்தா மொளைக்கும்? நல்லாருக்கே கத."

"வாங்கண்ணே. வந்து உள்ள படுங்க," என்றாள் யோகராணி. "சும்மா படுங்க. பேச வேணாம்."

காத்தமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் போனார். வெளியே வந்தபோது பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. தானே பந்தல் தழையைப் பிரித்துப் போட ஆரம்பித்தார், அதற்குப் பிறகு அந்த லைனில் அவரைவிடக் கீழே பார்த்து நடந்த ஆள் கிடையாது.

கீழே எதை வைப்பது? வைக்கோல் வைத்தார்கள், ஈரம் குடித்து நசநசத்தது. சாக்கு வைத்தார்கள், அதுவும் அப்படித்தான். யோகராணி ஞாயிற்றுக்கிழமை பஜாரில் நைனாவின் மீன்கடை முன்னால் நின்றாள். வாங்க வந்தவள் வாங்காமல், மீனைப் பார்க்காமல், மீன் வந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கையை விட்டாள், ஐஸ் விறைத்தது. பெட்டிக்கு வெளியே தடவினாள், சில்லிப்பே தெரியவில்லை.

"நைனா, இந்த ஐஸு வெளிய வராம எப்படி இருக்கு?"

"பெட்டி விடாது. இந்தப் பக்கத்துத அந்தப் பக்கம் விடாது, அந்தப் பக்கத்துத இந்தப் பக்கம் விடாது."

"ஒடஞ்ச பெட்டியெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"கடைக்குப் பின்னால மல மாதிரி கெடக்கு. எரிச்சா முனிசிபாலிட்டி திட்டுது. எடுத்துட்டுப் போனா ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

அன்றைக்கு மேல் லைன் பொம்பளைகள் கொழுந்து மூட்டை சுமக்கிற மாதிரியே சும்மாட்டுத் துணி வைத்து, தலையில் தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, தேயிலைக்காட்டு வழியே வரிசையாக மேலேறினார்கள். டீக்கடையில் இருந்தவர்கள், ஐஸ் பெட்டியைக் கொண்டுபோய்க் கடலுக்குச் சூடு வைக்கப் போறாங்களாம் என்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றாள் லெட்சுமாயி, சிரிக்கிறவன் வீட்டில் கடல் இருக்கா?

யோகராணி பெட்டிகளைக் கழுவி, காய்கறி வெட்டுகிற கத்தியாலேயே அறுத்துப் பலகை பலகையாக்கினாள். கட்டிலுக்கடியில் தரையோடு ஓர் அடுக்கு, அதன்மேல் இன்னோர் அடுக்கு, கட்டில் பலகையின் வயிற்றில் முட்டுகிறவரைக்கும் இடுக்கில்லாமல் திணித்தாள். நாலு பக்கமும் நிறுத்திக் கட்டினாள், தலைமாட்டில் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நெருக்கிச் செருகினாள், கையை விட்டுத் தடவி எங்கே காற்று ஊதுகிறதோ அங்கே துணியைக் கிழித்து அடைத்தாள். தேயிலை ஃபேக்டரியிலிருந்து காத்தமுத்து கிழிந்த தேயிலைப் பைகளைக் கொண்டுவந்தார், உள்ளே வெள்ளித்தாள் ஒட்டின பைகள். அவற்றைப் பிரித்து, மினுங்குகிற பக்கம் மேலே கடலைப் பார்க்க, பலகைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் செருகினார்கள். மேலே இருந்த கம்பளிகளையெல்லாம் எடுத்து, ஒரே ஒரு போர்வையை மட்டும் விட்டார்கள். வயரைச் செருகினாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் கடல் கல்லாகவே கிடந்தது, டீக்கடைச் சிரிப்பு மேல் லைன்வரைக்கும் கேட்டது. அதற்கடுத்த நாள் மத்தியானம் இஞ்ஞாசி யோகராணியைக் கூப்பிட்டு, இங்க கை வை என்றான். வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது, பெற்ற பிள்ளையின் வயிற்றைத் தொட்ட மாதிரி. கைக்குக் கீழே கடல் ஒருதடவை பெருமூச்சு விட்டது. பிறகு சோம்பல் முறித்தது. பிறகு ஓர் அலை எழுந்து, இஞ்ஞாசியைத் தூக்கி, பஞ்சுபோலத் திருப்பிப் போட்டது, அவன் வாய்விட்டுச் சிரித்தான். சுவரில் பனி பூத்த அதே அறையில், பேசினால் வாயில் புகை வருகிற அதே குளிரில், கட்டிலுக்குள் மட்டும் சித்திரை மாசத்துக் கடல் அடித்தது. லைனில் அத்தனைபேரும் இஸ்திரிப் பெட்டியும் டிவியும் போட்டுக் கரண்ட் பாதியாக இறங்கின நேரத்திலும் அந்தச் சூடு இறங்கவில்லை. மீன் வாடையும் தேயிலை வாடையும் உப்பு வாடையும் கலந்து வந்ததை மேல் லைன் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டது.

புண் வாய் மூடியது. காய்ந்தது. ரோஸ் நிறத்தில் புதுத்தோல் வந்தது.

மூணு ராசாக்கள் திருநாள் கழிந்து சிலுவை வந்தார். உள்ளே ஸ்ட்ரெச்சர் போட்ட வேன், டிரைவர், தலையில் மஃப்ளர். லைன் ஜனங்கள் வாசல்வரை வந்து நின்றார்கள். சிலுவை உள்ளே வந்து, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றிலும் மீன்பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அன்றைக்கு வத்தம். கடல் இறங்கி, சத்தமில்லாமல், வெறும் தண்ணீர் மெத்தையாகக் கிடந்தது.

"இதான் ஒன் கடலாக்கும்," என்றார். "ஏல தம்பி, என்னலே கோலம் இது. சரி, திருப்புங்க. முதுகப் பாக்கணும்."

யோகராணி அலை வருமென்று காத்தாள். வரவில்லை. கட்டிலின் மேல் கையை வைத்து மனசுக்குள் கெஞ்சினாள், வரவில்லை. புரட்டலாமென்று குனிந்தாள், பதட்டத்தில் அவளால் அவன் தோளைக்கூட அசைக்க முடியவில்லை.

"பாத்தியா," என்றார் சிலுவை. அவர் குரலில் கோபம்கூட இல்லை. "ஒன்னால முடியாதும்மா. அதத்தான் நான் ஆதியிலருந்து சொல்றேன். டிரைவர் தம்பி, ஸ்ட்ரெச்சரக் கொண்டா."

"விடு புள்ள," என்றான் இஞ்ஞாசி.

யோகராணிக்கு உசிர் போனது. விடு என்கிறானே, போகிறேன் என்கிறானா?

இஞ்ஞாசி கையை நீட்டிக் கட்டில் பலகையின் விளிம்பைப் பிடித்தான். பல்லைக் கடித்தான். தோளைத் தூக்கினான். இத்தனை மாசமாக அலை அவனை எந்த வழியாகத் திருப்பியதோ, அந்த வழியெல்லாம் அவன் தோளுக்கும் முதுகுக்கும் பாடமாகியிருந்தது. முதலில் தோள், பிறகு விலா, பிறகு ஓர் எம்பல், கழுத்து நரம்பு புடைக்க, கட்டில் கிறீச்சிட, செத்துப்போன இடுப்பையும் இழுத்துக்கொண்டு அவன் தானாகத் திரும்பிப் படுத்தான். கடல் அசையவேயில்லை. திருப்பினது அவன்தான். சட்டை மேலே ஏறி, முதுகு தெரிந்தது, அதில் ஒரு சிறு ரோஸ் வட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"பாத்துட்டீங்களாண்ணே?" என்றான் மூச்சு வாங்க, சுவரைப் பார்த்தபடி. "இன்னொரு பக்கமும் திரும்பிக் காட்டவா?"

சிலுவை கிட்டே வந்தார். பிறகு குனிந்து தம்பியின் முதுகில் கையை வைத்தார், வைத்த கை வழுக்கி மெத்தைமேல் விழுந்தது, அந்தச் சூடு கையில் ஏறியதும் அவர் மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலுக்குப் போய் டிரைவரைப் பார்த்து, "நீ கெளம்புப்பா, நான் பஸ்ல வந்துக்கிறேன்," என்றார். திரும்பி யோகராணியைப் பார்த்தார், கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"ஒரு வா சோறு இருக்குமா தாயீ?"

வேன் வெறும் ஸ்ட்ரெச்சரோடு வளைவில் இறங்கிப் போவதை லைன் ஜனங்கள் பார்த்தார்கள், பார்த்ததும் எழுந்த கூச்சல் ஃபேக்டரிவரைக்கும் கேட்டது. யோகராணிக்கு அது காதில் விழவில்லை. உலையை வைத்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தவள், அவரே திரும்பிட்டாரு, அவரே திரும்பிட்டாரு என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, சோறு பொங்கி வழிவதுகூடத் தெரியாமல், சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.